கடைசி வரி வரை படித்த கண்

செய்யது பாயின் இடுப்பெலும்பை ஒடித்தது பள்ளிவாசல் படி இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டியின் கௌரவ காரியதரிசிதான் ஒடித்தார். கையால் தள்ளி ஒடிக்கவில்லை. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒடித்தார். அந்தக் காகிதத்தை வார்டுச் சுவரில் ஒட்டியபோது நான் பத்தடி தூரத்தில் கட்டிலில் கிடந்தேன். அதனால் எனக்குத் தெரியும்.

எனக்கு நயமாக எழுத வராது. ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவன். வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் லீவரை இழுப்பது என் வேலை. ரிட்டையர் ஆனபின் ஒத்தக்கடையில் மனைவி பேச்சியம்மாளோடு இருக்கிறேன். இது என் கண்ணையும் காலையும் பற்றியது. வீட்டில் வயசானவர்கள் அடிக்கடி விழுந்தால் இதைப் படியுங்கள்.

நான் மூன்று தடவை விழுந்தேன். முதல் தடவை வீட்டிலேயே, வாசற்படி ஓரம் இருந்த குடத்தில் இடறி. "குடத்தை இங்க வச்சது யாரு?" என்று பேச்சியை வைதேன். "முப்பது வருசமா அங்கதான வைக்கிறேன்" என்றாள். இரண்டாவது தடவை மேலூர்ச் சந்தையில், ஒரு கடலை மூட்டை தட்டி விழுந்தேன். மூட்டைக்காரனை வைதேன். நான் விழுந்தால் உடனே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன். அது என் சுபாவம். காரியதரிசி விஷயத்திலும் அப்படித்தான் பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால், முழுக்கப் படித்துவிட்டு நினைக்கட்டும்.

மூன்றாவது தடவை டவுனில், மண்ணெண்ணெய் வரிசையில். உலகச் சண்டைக் காலம், அரைப் புட்டி எண்ணெய்க்கு அரை நாள் நிற்க வேண்டும். பட்டப்பகல். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். இடது பக்கம் ஒரு கைவண்டி நின்றதும், அதன் ஏர்க்கால் கட்டை குறுக்கே நீண்டிருந்ததும் எனக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே மளுக்கென்று சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. புட்டியை மட்டும் விடவில்லை என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

எலும்பு வைத்தியரிடம் பச்சிலைக் கட்டுப் போடலாம் என்றாள் பேச்சி. தோலைக் கிழித்து எலும்பு எட்டிப் பார்த்ததால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கட்டில் என்றார் வார்டு டாக்டர்.

"விழுறப்ப தலை சுத்துச்சா?"

"இல்லய்யா."

"சுத்தியிருக்கும். வயசாகுதுல்ல."

சிவப்பாக ஒரு டானிக் எழுதினார். அந்த வார்டில் விழுந்து வந்த எல்லா வயசாளிக்கும் அதே சிவப்புத் தண்ணீர்தான். நாங்கள் ஏழு பேர் இருந்தோம். கை, கால், தோள்பட்டை என்று ஆளுக்கு ஒன்று உடைந்திருந்தது. எதனால் விழுந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. உடைந்ததைக் கட்டினார்கள். அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டில்தான் செய்யது பாய். தெற்குவாசல் பக்கம் தகரப் பெட்டி செய்கிறவர். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவும் தொட்டிக்கு இறங்குகிற படியில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்திருந்தார். நல்ல வாய். எனக்குப் "பாயிண்ட் அண்ணே" என்று பேர் வைத்துவிட்டார்.

நர்ஸ் பேர் மரியபுஷ்பம். முப்பது வயசு இருக்கும். முன்பு வேறு ஊரில் கண் வார்டில் வேலை பார்த்தவள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நாள் காலையில் கஞ்சித் தம்ளரை என் இடது பக்கம் ஸ்டூலில் வைத்தாள். நான் கையை வீசினேன், தம்ளர் உருண்டது. மறுநாளும் அதே மாதிரி. மூன்றாம் நாள் அவள் தம்ளரை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். நான் தலையை முழுசாக இடது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தம்ளரை எடுத்தேன்.

"ஐயா, பக்கத்துல இருக்குற தம்ளரை எடுக்க எதுக்கு இம்புட்டுத் தலையத் திருப்புறீங்க?"

"ரயில்வேப் பழக்கம்மா."

அது உண்மைதான். லைனைத் தாண்டும் முன் தலையை இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்காதவன் செத்தான். ரிட்டையர் ஆனபின்பும் தெருவில் அப்படித்தான் நடப்பேன். ஒத்தக்கடையில் என்னைக் கோழி நடக்கிற மாதிரி நடக்கிறான் என்று கேலி செய்வார்கள். இந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஓரத்தில் பார்வை போய்க்கொண்டிருந்ததைக் கழுத்து ஈடுகட்டிக்கொண்டே வந்தது. எனக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது.

மரியபுஷ்பம் வார்டு டாக்டரிடம் சொன்னாள். அவர் எழுத்து அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். ரயில்வேயில் வருஷா வருஷம் பார்த்த அட்டைதான். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. நான் மளமளவென்று கடைசி வரி வரை படித்தேன்.

டாக்டர் சிரித்தார். "நர்ஸ், இவருக்கு என்னைவிடக் கண்ணு நல்லா இருக்கு. நீ டெம்பரேச்சரைப் பாரு."

நானும் சேர்ந்து சிரித்தேன். "ரயில்வேக்காரன் கண்ணும்மா இது, ஒரு மைலுக்கு அங்கிட்டு சிக்னல் விழுறதச் சொல்லுவேன்" என்றேன். வார்டே சிரித்தது. அவள் முகம் சிவந்து அட்டையைச் சுருட்டிக்கொண்டு போனாள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் விடவில்லை. இரண்டு நாள் கழித்து, டாக்டர் இல்லாத மத்தியான நேரத்தில் வந்தாள். என்னை நிமிர்த்தி உட்காரவைத்து எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலது கண்ணக் கையால பொத்திக்கிருங்க. இடது கண்ணால என் மூக்கையே பாருங்க. தலையத் திருப்பக்கூடாது. பக்கத்துலருந்து என் விரல் வரும். தெரியுறப்ப சொல்லுங்க."

அவள் மூக்கைப் பார்த்தேன். மூக்குத்தி போட்ட அடையாளம் இல்லாத மூக்கு. அதன் மேல் ஒரு வேர்வைத் துளி. அது வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. விரல் வரவில்லை. காத்திருந்தேன். பொறுமை போய்விட்டது.

"என்னம்மா, கையத் தூக்க மாட்டியா?"

பாய்தான் பேசினார். "அண்ணே, விளையாடுறீங்களா? அந்தம்மா கை உங்க காதுக்கிட்ட ஆடிக்கிட்டுல்ல இருக்கு. புகை மூட்டமா இருந்தாலும் எனக்கே தெரியுதே!"

அப்புறம் அவள் கை எங்கிருந்தோ குதித்த மாதிரி மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதுவரை அங்கே ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை. இருட்டாக இருந்திருந்தால் எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

வலது கண்ணையும் பார்த்தாள். அது பரவாயில்லை, ஆனாலும் மூக்குப் பக்க ஓரத்தில் கொஞ்சம் போயிருந்தது.

"என்னம்மா இது?"

"கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறி ஊறி வடிஞ்சுக்கிட்டே இருக்கும் ஐயா. வடியுற வழி அடைச்சுக்கிட்டா உள்ள அழுத்தம் ஏறும். அழுத்தம் பின்னால இருக்குற நரம்பை நசுக்கிரும். ஓரம்தான் முதல்ல போகும். நடுப்பார்வை கடைசியாத்தான் போகும். அதனாலதான் அட்டையெல்லாம் படிச்சிட்டீங்க. வலிக்காது, அதான் இதுல மோசம்."

"போனது திரும்பி வருமா?"

"வராது. இருக்குறதக் காப்பாத்தலாம். கண் டாக்டர் பார்க்கணும். சீக்கிரமாப் பார்க்கணும்."

கண் டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார், எதிர்க் கட்டடத்தில். அவரிடம் போக வார்டு டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. நர்ஸ் சொல்லி நான் கையெழுத்துப் போடுவதா என்றார். முதல் வியாழக்கிழமை போய்விட்டது.

காத்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உடைந்த கால் ஆறிக்கொண்டிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும். கண் போய்க்கொண்டிருக்கிறது, அது தெரியாது. காலையில் விழித்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரின் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். நேற்று ஆறு. இன்று ஆறா, ஐந்தா? கண் கொஞ்சம் நகர்ந்தால் ஏழு வரும். கண் நகர்ந்ததா, பார்வை போனதா என்று சொல்ல முடியாது. மறுபடி எண்ணுவேன். பேச்சி வந்து கையைத் தட்டிவிடுவாள். "எண்ணுனா மட்டும் கூடிருமா? சாப்பிடுங்க."

தினமும் அவள் ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறிச் சோறு கொண்டுவருவாள். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ் கரியை எரித்த வாயுவில் ஓடுகிற காலம். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். புடவை முழுக்கக் கரியோடு வந்து நிற்பாள். சோற்றுத் தூக்கை மட்டும் முந்தானையால் மூடியிருப்பாள். அந்த நாட்களில் நான் அவளைக் குடத்துக்காக வைதது ஞாபகம் வரும். சொல்லவில்லை. சொன்னால் "இப்பத்தான் தெரியுதாக்கும்" என்பாள்.

இதற்குள் மரியபுஷ்பம் விழுந்து வந்த மற்ற ஆறு பேரையும் பார்த்துவிட்டாள். வேலை முடிந்தபின் தன் ஓய்வு நேரத்தில்தான் பார்த்தாள். திருப்பரங்குன்றத்துக்காரர் ஒருவர் செத்துப்போன மாமனாரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல கண்ணாடி, வீணாப் போகுமேன்னு போட்டேன்" என்றார். அதைப் போட்டுத்தான் மாடிப்படியில் இறங்கியிருக்கிறார். அதைக் கழற்றச் சொன்னாள். அவருக்கு அதுவே வைத்தியம். பாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை, அதாவது கண்ணுக்குள் இருக்கும் வில்லை பால் மாதிரி வெளுத்துவிட்டது. அதை அறுத்து எடுத்தால் பார்வை திரும்பும். என்னுடையதுபோல் போனது போனதுதான் என்கிற சங்கதி இல்லை.

"பாய், உங்களுக்கு நல்லாயிரும்" என்றாள்.

"அப்ப இந்தப் பாயிண்ட் அண்ணன் மூஞ்சியத் தெளிவாப் பார்க்கணுமா? வேணாம்மா, இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

ஒவ்வொருவர் கட்டிலில் தொங்கிய சீட்டிலும் அவள் ஒரு வரி எழுதினாள். கண் டாக்டர் பார்க்கவும். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

இரண்டாவது வியாழக்கிழமையும் கையெழுத்து வரவில்லை. பேச்சி சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு வெளியே போனாள். எதிர்க் கட்டட வராந்தாவில் கண் டாக்டர் காரில் ஏறப் போன சமயத்தில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாளாம். ப்யூன் இழுத்தும் விடவில்லையாம்.

"டாக்டரய்யா, ஒரு நிமிசம் வந்து பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா என்னைய வஞ்சிட்டுப் போங்க. நான் வாங்கிக்கிறேன்."

அவர் வந்தார். கோபத்தோடுதான் வந்தார். என்னைக் கீழே பார்க்கச் சொல்லி, மூடிய இமை மேல் இரண்டு ஆள்காட்டி விரலையும் வைத்து மாற்றி மாற்றி மெல்ல அமுக்கினார். பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது போல. அவர் கோபம் அந்த விரலில் இறங்கிப் போனது எனக்குத் தெரிந்தது.

"இடது கண் கல்லு மாதிரி இருக்கு. வலதும் ஏறுது. யார் இதைக் கண்டுபிடிச்சது?"

மரியபுஷ்பம் வாசலருகில் நின்றாள். பாய்தான் கையைக் காட்டினார்.

"இன்னும் ரெண்டு மூணு மாசம் போயிருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்றார் கண் டாக்டர். வியாழக்கிழமை இல்லாவிட்டாலும் மறுநாளே வந்து ஆபரேஷன் செய்கிறேன் என்றார். எப்படியும் படுத்துத்தானே கிடக்கிறீர்கள் என்றார்.

மயக்க மருந்து கிடையாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்தார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிடந்தேன். விளக்கு, விளக்கை மறைக்கும் கை, நூல் கனத்தில் ஏதோ ஒன்று. கறுவிழி ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டை போட்டு, அடைத்த நீர் வடிய வழி செய்வார்கள். இரண்டு கண்ணுக்கும். வலி இல்லை, அமுக்கம் மட்டும். மரியபுஷ்பம் என் தலையைப் பிடித்திருந்தாள்.

அப்புறம் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். அசையக்கூடாது, இருமக்கூடாது, சத்தம் போடக்கூடாது. முக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியும், பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் மூன்று தடவை சொன்னார். பேச்சி தேக்கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். பாய் எனக்காக வார்டில் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். "அண்ணே, மாமனார் கண்ணாடிக்காரர் டிஸ்சார்ஜ் ஆகுறாரு. கண்ணாடிய இங்கயே விட்டுட்டுப் போறாரு. எனக்கு வேணுமான்னு கேக்குறாரு."

கட்டுப் போட்ட மூன்றாம் நாள் காரியதரிசி வந்தார். என் கண்தான் கட்டியிருந்தது, காது கட்டியிருக்கவில்லை. என் கட்டில் முன்னாலேயே நின்று பேசினார்கள். வார்டு டாக்டர் முறையிட்டார்: இப்படியே போனால் வியாழக்கிழமை வரிசை வராந்தா வரைக்கும் நிற்கும், நர்ஸே நோய் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதுகிறாள், தன் பேர் கெடுகிறது.

காரியதரிசி கேட்டார்: "நர்ஸுக்குக் கண்ணு பார்க்குற வேலைய யார் குடுத்தா?"

மரியபுஷ்பம் சொன்னாள்: "யாரும் குடுக்கலைங்க. இவங்கல்லாம் திரும்பத் திரும்ப விழுந்து வர்றாங்க. எதனாலன்னு பார்த்தேன்."

"வயசானா விழத்தாம்மா செய்வாங்க. அதுக்கெல்லாம் கண்ணு பார்க்க ஆரம்பிச்சா ஆஸ்பத்திரி தாங்குமா?"

அன்று சாயங்காலம் சுவரில் பசை தடவும் சத்தம் கேட்டது. பாயால் படிக்க முடியாது, எனக்குக் கட்டு. பேச்சிக்கு எழுத்துத் தெரியாது. கம்பவுண்டர்தான் படித்துச் சொன்னார். நர்ஸுகள் நோயாளிகளின் கண்ணைப் பரிசோதிக்கக் கூடாது, சீட்டில் ஒன்றும் எழுதக் கூடாது. மீறினால் வேலை போகும். மறுநாள் மரியபுஷ்பத்தைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாய் சீட்டில் அவள் எழுதிய வரியை வார்டு டாக்டர் அடித்துவிட்டார்.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. காரியதரிசி அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் பேசியிருக்கலாம். அவள் கண்டுபிடிக்காவிட்டால் நான் குருடன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குச் சத்தம் போடவே வேண்டியதில்லை, மெதுவாகவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அதைவிட, கமிட்டிக்காரரைப் பகைத்தால் கட்டு அவிழ்க்க ஆள் வராதோ என்றும் பயந்தேன். மணல் மூட்டைக்கு நடுவில் பொணம் மாதிரிக் கிடந்தேன். என் பங்கை நான் மறைக்கவில்லை.

எட்டாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெறும் வெள்ளை. அப்புறம் பேச்சியின் முகம், கரி அப்பிய நெற்றி. வலது கண் தப்பித்தது. இடது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் மிச்சம். அந்த மிச்சம் நிற்கும் என்று கண் டாக்டர் சொன்னார். பேச்சி தூக்கைத் திறந்து சோறு போட்டாள். பாதிச் சோறு கட்டிலில் சிந்தியது.

பாய்க்கு அந்த வாரமே மணிக்கட்டுக் கட்டை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "கண்ணு?" என்று கேட்டார். "கை சேர்ந்துருச்சுல்ல, போங்க" என்றார்கள்.

"விடுங்கண்ணே, நோன்பு முடியட்டும், தனியாச் சீட்டு வாங்கிட்டு வாரேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நோன்பு முடிவதற்குள் அதே தொட்டிப் படியில் மறுபடி விழுந்தார். இந்தத் தடவை இடுப்பு. நான் ஊன்றுகோலோடு தெற்குவாசல் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். மகள்தான் தூக்கி உட்காரவைக்கிறாள். இனி நடக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். படி எது, தண்ணீர் எது என்று தெரியாமல் காலை வைத்தாராம். என் குரலைக் கேட்டதும், "பாயிண்ட் அண்ணே, நீங்க எங்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் அவர் முகத்துக்கு நேராகத்தான் நின்றேன்.

அறுத்து எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் புரை. எழுதிய வரியை அடிக்காமல் விட்டிருந்தால் போதும்.

காரியதரிசி அவர்களே, உங்களை நேரில் பார்க்க மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் நீங்கள் வேலையாக இருக்கிறீர்கள் என்றார்கள். எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். ஆறுதலும் வேண்டாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தைக் கதவைத் திறந்துவைத்து நடத்துங்கள். ஜனங்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள்: விழுந்து வருகிற வயசாளியின் கண்ணை ஒரு நர்ஸ் பார்த்ததில் யாருக்கு என்ன கெடுதல் வந்தது? எந்த ஆளுடைய பேரைக் காப்பாற்ற அந்த உத்தரவைப் போட்டீர்கள்? அதைச் சுவரிலிருந்து என்றைக்குக் கிழிக்கப் போகிறீர்கள், மரியபுஷ்பத்தை என்றைக்கு அந்த வார்டுக்குத் திருப்பி அனுப்பப் போகிறீர்கள்?

செய்யது பாயை நாங்கள் நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து முன் வரிசையில் வைப்போம். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.